நான்காவது துணுக்கு

கவின்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உனக்குச் சொன்ன பதில் தப்பு. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், சுற்றி வளைத்து எங்கெங்கோ போய், சொல்லாமலே முடித்துவிடுவேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு வெங்காயம் கேட்கக் கூச்சப்பட்டு, வெங்காயம் இல்லாமலே குழம்பு வைத்துவிடுகிறவள் நான்.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீயே பார். சுங்கை பூலோவில் பதினேழு மாடி பிளாட். இரண்டு புளோக், ஒவ்வொன்றிலும் இரண்டு லிஃப்ட். மாதாமாதம் பிரேக்கைச் சோதித்து, சோதித்தேன் என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டியது உன் வேலை. இந்த மாதம் முதல் புளோக்கை மட்டும் பார்த்தீர்கள். இரண்டாவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு லிஃப்ட் தரைக்கு நாலு விரல் கீழே போய் நிற்கிறது என்று நீயே சொன்னாய். உன் சூப்பர்வைசரோ, "அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா, நீ சைன் போட்டுடு" என்கிறார். வெள்ளிக்கிழமை தாள் ஆபீசுக்குப் போய்விடும். "என்னம்மா செய்றது?" என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "எல்லாரும் போடறாங்கல்ல, நீயும் போட்டுட்டுப் போயேன்டா. சேந்து மூணு மாசம்தான் ஆவுது. வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றேன். பிரிக்பீல்ட்ஸில் உன் அறைக்குப் பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் "சரிம்மா" என்றாய்.

அந்த "சரிம்மா" எனக்குப் பிடிக்கவில்லை. நீ சரி என்று நினைத்துச் சொல்லவில்லை, நான் சொன்னேன் என்பதற்காகச் சொன்னாய். இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக்கு உன் அப்பா லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பக்கம் வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். "போன் எதுக்கு இருக்கு? அவன் என்ன சீமைலயா இருக்கான்? பண்டமாரான்லேருந்து பிரிக்பீல்ட்ஸ்க்கு லெட்டர் எழுதுற பொம்பள நீ ஒருத்திதான்" என்கிறார். போனில் பேசித்தான் இந்தத் தப்பு நடந்தது. அதனால் எழுதுகிறேன். நீ தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, மெதுவாகவாவது வாசித்துவிடுவாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நீ தெரிந்துகொள்ளாமல், நான் வெறுமனே "போடாதே" என்று மாற்றிச் சொன்னால், அதற்கும் "சரிம்மா" என்றுதான் சொல்வாய். அது எனக்கு வேண்டாம்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். நான் ஏன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, தாத்தாவுக்குத் துறைமுகத்தில் காலில் அடிபட்டது, வீட்டில் கஷ்டம் என்று சொன்னேன். அடிபட்டதும் உண்மை, கஷ்டமும் உண்மை. ஆனால் அதற்காக யாரும் என்னை நிறுத்தவில்லை. தாத்தா கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்துகொண்டு "போம்மா, போ" என்றுதான் சொன்னார். பதினாறு வயதில், நான்காம் படிவத்தில், மலாய்ப் பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். நான் எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். எழுந்து நின்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. பின் வரிசையில் ஒருவன், "டீச்சர், அவளுக்கு பேட்டரி போயிடுச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த திங்கட்கிழமை சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பஸ் வந்தது, போகவில்லை. அதற்கடுத்த வாரம் சீருடையும் போடவில்லை. பேசுவதற்குப் பயந்து படிப்பை விட்டவள் உன் அம்மா. இதை உன் அப்பாவுக்கே கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

பதினெட்டு வயதில் கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் உதவியாளாகச் சேர்ந்தேன். டப்பா கழுவ, குப்பை கட்ட, கண்ணாடி துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். நேர்முகத்துக்குப் போனபோது அங்கே ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

அங்கே நான் என்னதான் செய்கிறேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதே இல்லை. பள்ளியில் அம்மாவின் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னபோது, "ஆஸ்பத்திரியில வேலைன்னு போடு, போதும்" என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷனில் வெட்டி எடுப்பதும், ஊசியால் கிள்ளி எடுப்பதும் ஃபார்மலின் ஊற்றிய டப்பாக்களில் எங்களிடம் வரும். ஒரு முழுக் குடல் பக்கெட்டில் வரும். ஒரு அரிசியில் பாதி அளவுத் துணுக்கும் வரும். டாக்டர் பார்த்து வேண்டியதை வெட்டிக் கொடுப்பார். அதைச் சின்ன பிளாஸ்டிக் கூட்டில் போட்டு மூடி, பென்சிலால் நம்பர் எழுதுவோம். பேனாவால் எழுதினால் மறுநாள் காலைக்குள் மருந்தில் கரைந்து போய்விடும், யாருடையது என்றே தெரியாது. பிறகு தண்ணீரையெல்லாம் எடுத்துவிட்டு, மெழுகில் புதைத்து, சின்னக் கட்டியாக்கி, மெஷினில் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவுவோம். சீவியது ரிப்பன் மாதிரி வரும். அதை ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கம் எடுபடும். அடியில் கண்ணாடி ஸ்லைடை விட்டுத் தூக்கினால் ஒட்டிக்கொள்ளும். அதற்குச் சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுத்தால், அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது கேன்சர், இது இல்லை என்று எழுதுவார். அந்த எழுத்தை வைத்துத்தான் மேல்மாடியில் கத்தியை எடுப்பார்கள், அல்லது எடுக்கமாட்டார்கள்.

அதில் ஒரு விதி உண்டு. ஒருவருடைய கட்டியைச் சீவி முடித்ததும் தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பை ஒரு டிஷ்யூ தாளால் வழித்து எடுக்க வேண்டும். உடைந்த தூள் ஏதாவது மிதந்துகொண்டிருந்தால் அடுத்தவருடைய ஸ்லைடில் போய் ஒட்டிக்கொள்ளும். வழிப்பதற்கு இரண்டு நொடி ஆகும். இன்னொரு பழக்கமும் உண்டு. துணுக்குகளை எண்ணுவது. டப்பாவில் மூன்று வந்தால் தாளில் மூன்று என்று எழுதுவோம், ஸ்லைடிலும் மூன்றுதான் இருக்க வேண்டும்.

சீவுவது என் வேலை இல்லை. அதற்குப் படித்தவர் ரோஸ்னா. எங்கள் எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி காக் ரோஸ்னா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நான் அடிக், தங்கச்சி. பெரிய குரல், பெரிய சிரிப்பு. லேபில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். நான் பேசாததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். "அடிக், இன்னிக்கு என்ன சாப்ட்ட? சாம்பாரா? சரி, சாம்பார்தான்" என்று மலாயில் கேட்டு மலாயிலேயே பதிலும் சொல்லிக்கொள்வார். என் கை நடுங்காது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். வாய்தான் நடுங்கும், கை நடுங்காது. சாப்பாட்டு நேரத்தில் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாத கட்டிகளைக் கொடுத்துச் சீவிப் பார்க்கச் சொன்னார். ஒரு வருஷத்தில் நான் நன்றாகவே சீவினேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. கூப்பிட்டுக்கொண்டு போகச் சொன்னார்கள். சீவ வேண்டிய கட்டிகள் ஐஸ் மேல் வரிசையாக இருந்தன. "ஒரு மணி நேரம், அடிக். நீ சீவிக்கிட்டு இரு, நான் பிள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுட்டு ஓடியாந்துடறேன். டாக்டர் கேட்டா டாய்லெட்ல இருக்கேன்னு சொல்லு." "ஒரு மணி நேரமாவா?" என்று கேட்டேன். "வயித்தால போவுதுன்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே தோள்பையை மாட்டிக்கொண்டு போனார்.

பதினோரு கட்டிகள் சீவினேன். நாலாவதோ ஐந்தாவதோ ஒரு வயதான அம்மாவின் மார்பகக் கட்டி. கேன்சர் என்று ஏற்கெனவே தெரிந்தது. கொழுப்பு அதிகம் இருந்ததால் தண்ணீரில் விட்டதும் உடைந்து உடைந்து போனது. ஸ்லைடில் ஏற்றிவிட்டு, வழிக்க டிஷ்யூ தாளைக் கையில் எடுத்தேன். அப்போது போன் அடித்தது. லேபில் வேறு ஆள் இல்லை. எனக்குப் போன் எடுப்பது என்றால் இன்றைக்கும் பயம், அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் பார். எடுத்தேன். ஏதோ கிளினிக்கிலிருந்து ஒரு பெண் வேகமாக இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டாள். "நோ... ஷி டாய்லெட்... லேட்டர்" என்று என்னவோ உளறிவிட்டு வைத்தேன். காது சுட்டது. திரும்பி வந்து அடுத்த கட்டியை மெஷினில் மாட்டிச் சீவி, ரிப்பனைத் தண்ணீரில் விட்டேன். டிஷ்யூ தாள் போனுக்குப் பக்கத்தில் கிடந்தது. வழிக்கவில்லை.

அந்த அடுத்த கட்டியும் மார்பகத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இது ஊசியால் எடுத்தது. நூல் மாதிரி மூன்று துணுக்குகள். முப்பத்து நாலு வயதுப் பெண், தமிழ்ப் பெயர். பெயரை எழுதமாட்டேன். சாயம் ஏற்றி முடித்து ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது மூன்று நூல் இருந்தது. ஓரத்தில் கடுகு அளவுக்கு, ஊதா நிறத்தில், நான்காவதாக ஒன்று இருந்தது. நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். நூல் உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூல் உடைந்தால் நூலாகத்தான் உடையும், கடுகாக உடையாது. அது அப்போதே எனக்குத் தெரியும். காக் ரோஸ்னா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி டாக்டர் அறைக்குக் கொண்டுபோனார்.

புதன்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். டாக்டர் மனோகரன். எல்லாரிடமும் இங்கிலீஷ்தான், என்னிடம் "குட் மார்னிங்" தவிர வேறெதுவும் பேசியதில்லை. கையில் அந்த ஸ்லைடு. அந்தப் பெண்ணுக்குக் கேன்சர் என்றும், சர்ஜனிடம் போனில் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை மார்பை எடுக்கக் கட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள், நாளை மதியம் ரிப்போர்ட் போய்விட வேண்டும் என்றும் காக் ரோஸ்னாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு "பாவம், சின்ன வயசு" என்பதை மட்டும் தமிழில் சொன்னார். நான் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன்.

தேநீர் நேரத்தில் காக் ரோஸ்னாவிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவே எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. தண்ணீரை வழிக்கவில்லை, நாலு துணுக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவர் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லாமல் என்னைப் பார்த்தார். "டாக்டர் பாத்துட்டாரு, அடிக். டாக்டரோட கண்ணு நம்ம கண்ணவிடப் பெருசு. அவரு மூணு நூலையும் பாத்துத்தான சொல்லியிருப்பாரு?" கொஞ்சம் நிறுத்தி, குரலைக் குறைத்துக்கொண்டார். "நீ சீவினேன்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேல போயிடும். எனக்கு மூணு பிள்ளைங்க. சும்மா இரு லா." அவர் கெட்டவர் இல்லை, கவின். பயந்துவிட்டார். நானும் "சரி, காக்" என்றேன்.

அன்றைக்கு மிச்ச நேரம் முழுதும் நான் நினைத்தது அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும்தான் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. வேலை போனால் மறுபடியும் வீட்டில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். டாக்டர் அறைக்குள் போய் நிற்பதை நினைத்தேன், பேட்டரி போயிடுச்சு என்று ஒருவன் சொன்னதை நினைத்தேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் ஞாபகம் ஒழுங்காக வந்தது. அவளுக்கும் பிள்ளை இருக்குமா, இருக்காதா என்று எனக்குத் தெரியாது. தாளில் வயது மட்டும்தான் இருந்தது. திங்கட்கிழமை என்பது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். யாரும் வரவில்லை. அந்தப் பெண்ணின் மெழுகுக் கட்டியை எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி சீவி, கையாலேயே சாயம் ஏற்றினேன். மூன்று நூல். வேறெதுவும் இல்லை. இரண்டாவது தடவையும் சீவினேன். மூன்றுதான். பழைய ஸ்லைடையும் இரண்டு புது ஸ்லைடையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு டாக்டர் வருகிறவரை நின்றேன். வந்தார். "யெஸ்?" என்றார். தட்டை மேசையில் வைத்தேன். நம்பரைப் பார்த்தார். "சேம் நம்பர். வை த்ரீ?" என்றார். நான் தமிழில் சொன்னேன். "டாக்டர், நாலாவது துண்டு அந்தப் பொண்ணோடது இல்ல."

அவர் உட்கார்ந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குக் கால் மரத்துப்போனது. கண்ணை எடுக்காமலே தமிழில் கேட்டார். "தண்ணிய வழிக்கலையா?"

"இல்ல, டாக்டர்."

"யாரு கட் பண்ணது?"

"நான்தான்."

"நீயா? ரோஸ்னா எங்க போனாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். டாய்லெட் என்று சொல்லும்படி காக் ரோஸ்னா சொல்லியே கொடுத்திருந்தார். "பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டர். போயிட்டு வந்தாங்க" என்றேன். டாக்டர் போனை எடுத்து சர்ஜனைக் கூப்பிட்டு, நிறுத்துங்கள் என்றார். ரிப்போர்ட் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். பிறகு என்னிடம், "நானும் எண்ணிருக்கணும்" என்றார். எனக்கு ஆறுதலாக அவர் அதைச் சொல்லவில்லை, கோபமாகவே சொன்னார். "அந்த ஒரு மணி நேரத்துல நீ கட் பண்ணது எல்லாத்தையும் எழுதிக் குடு. எல்லாத்தையும் திரும்ப வெட்டணும்."

பதினொன்றையும் காக் ரோஸ்னா திரும்பச் சீவினார். மற்ற பத்திலும் தவறு இல்லை. ஆனால் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை. என்னை மெஷின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி, டப்பா வாங்கிப் போட்டு ரிப்போர்ட் கொடுக்கிற கௌண்டரில் உட்கார வைத்தார்கள். ஒரு வருஷம் அங்கேதான் இருந்தேன். காக் ரோஸ்னா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "என் பிள்ளைக்குக் காய்ச்சல்னு போனேன், அடிக். ஊர் சுத்தப் போகல. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல, டாக்டர்கிட்ட?" சொல்லிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். அது என் இரண்டாவது தப்பு. மறுபடி சொன்னால் மறுபடி தடுத்துவிடுவார் என்று பயந்து, அவருக்குத் தெரியாமல் போனேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேசாமல் இருந்தால் லேப் எப்படி இருக்கும்! மூன்று வருஷம் கழித்து ரவாங் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் காய்ச்சல் பிள்ளைக்குப் போன வருஷம் கல்யாணம் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை.

இப்போது உனக்குப் புரிகிறதா, நான் ஏன் போனில் அப்படிச் சொன்னேன் என்று? உண்மையைச் சொன்ன பிறகு நான் தைரியசாலி ஆகிவிடவில்லை. இன்னும் பயந்தவளாகிவிட்டேன். வாயைத் திறந்தால் யாருக்காவது அடிபடும் என்பதுதான் எனக்குள் தங்கிப்போனது. நீ நான்காம் ஆண்டு படிக்கும்போது சைக்கிளால் பக்கத்து வீட்டு டாக்சி அங்கிளின் காரில் கோடு இழுத்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? யாரும் பார்க்கவில்லை. நீயே போய்க் கதவைத் தட்டி, "அங்கிள், சாரி, நான்தான் கீறிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அவர், "கீறுனதும் இல்லாம தூங்குறவன எழுப்பி வேற சொல்றியா?" என்று கேட்டுவிட்டு உனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். நான்தான் உன்னைப் பிரம்பால் அடித்தேன். கீறியதற்கு அடிக்கவில்லை. "யாரும் கேக்காதப்ப நீ ஏன்டா போய்ச் சொல்ற?" என்று கேட்டு அடித்தேன். அன்றைக்கு உனக்கு இருந்த தைரியம் எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரே ஒரு காலை நேரத்துக்குத்தான் இருந்தது. அதைப் பிரம்பால் எடுக்கப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போனிலும் அதையேதான் செய்தேன்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். மறு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் ரிப்போர்ட் வாங்க என் கௌண்டருக்கு வந்தாள். பெயரைச் சொன்னதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பாசாரில் வாங்கிய மீன் பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஒரு பேப்பர் குடுக்க எத்தன நாள் லா உங்களுக்கு? மொதல்ல கேன்சர்ன்னாங்க. அப்புறம் இல்ல, இரு, மறுபடி பாக்கணும்ன்னாங்க. ஆறு நாளா எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா? உள்ள உக்காந்து என்னதான் வேல பாக்குறீங்க?" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "சாரி, அக்கா" என்றேன். "சாரி மட்டும் நல்லா வருது" என்றாள். உறைக்குள் கேன்சர் இல்லை என்று எழுதியிருப்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் சொல்லக் கூடாது, சர்ஜன்தான் சொல்ல வேண்டும். "மேல கிளினிக்குக்குப் போங்க அக்கா, இப்பவே போங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். தரையில் மீன் தண்ணீர் சொட்டியிருந்தது. துடைத்தேன்.

அந்தப் புளோக்குக்குக் கையெழுத்துப் போடாதே, கவின். ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதே. முதலில் உன் சூப்பர்வைசரிடமே போ. நான் போடமாட்டேன், இன்றைக்கே ஆபீசில் சொல்லப் போகிறேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, பிறகு சொல். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். அவர் உன்னோடு பேசாமல் போகலாம், உன் வேலையும் போகலாம். வேலை போனால் பண்டமாரானுக்கு வா. அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். லோரியில் ஏறிக்கொள்ளச் சொல்கிறார், வாயடிக்காமல் வந்தால். நன்றி சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், எதிர்பார்க்காதே. லிஃப்டை நிறுத்தினால் அந்தச் சனங்கள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பதினேழு மாடி ஏறுவார்கள். உன்னைக் கண்டால் கண்டபடி திட்டுவார்கள். திட்டட்டும். அவர்கள் எல்லாரும் திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள். சாரி சொல்லு.

அம்மா